சுவாசப்பையில் ஒரு நிழல்: தொழில்சார் தூசுநோயும் புற்றுநோயும் காந்தப் பரிவுப் படமாக்கலும்

1. பிரச்சினையின் இயல்பு

முப்பது ஆண்டுகள் நிலக்கரிச் சுரங்கத்திலே பாறை துளைத்த தொழிலாளி ஒருவரின் மார்பு எக்ஸ் கதிர்ப்படத்தில், வலச் சுவாசப்பையின் மேற்பகுதியிலே நான்கு சென்ரிமீற்றர் அளவான திட்டு ஒன்று காணப்படுகின்றது எனக் கொள்வோம். அத் திட்டு யாது? அவர் சுவாசித்த தூசு ஆண்டுக்கணக்கில் சுவாசப்பையிலே தங்கி, அதனைச் சுற்றி நாரிழையம் வளர்ந்து திரண்டதால் உண்டான பெருந்திரட்சியாக அது இருக்கலாம். அன்றேல், புதிதாகத் தோன்றி வளர்ந்துவரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். எக்ஸ் கதிர்ப்படத்திலே இவ்விரண்டும் ஒரே நிழலாகவே தோன்றக்கூடும்.

இவ்வேறுபாடு மருத்துவ நூலறிவு பற்றிய சிறுபிரச்சினையன்று. நார்த்திரட்சியைப் புற்றுநோயெனப் பிழையாகக் கொண்டால், ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரின் சுவாசப்பையிலிருந்து ஒரு பகுதியை வெட்டியகற்றும் நிலை ஏற்படும். புற்றுநோயை நார்த்திரட்சியெனப் பிழையாகக் கொண்டால், குணப்படுத்தக்கூடிய காலம் கைநழுவிவிடும். இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உளது. தூசுநோய் தொழிலினால் வருவது. அதற்கு நட்டஈடு வழங்கும் கடப்பாடு முதலாளிக்கு அல்லது அரசுக்கு உண்டு. புற்றுநோயோ பெரும்பாலும் தொழிலாளியின் சொந்தக் கேடாகவும் அவருடைய புகைத்தற் பழக்கத்தின் விளைவாகவும் கொள்ளப்படுவது. எனவே, நிழலுக்குப் பெயரிடும் செயல் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தையும் தீர்மானிக்கும் செயலாகின்றது.

இக்கட்டுரை, எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்தப் பரிவுப் படமாக்கல் இவ்வேறுபாட்டை அறிவதற்கு எவ்வாறு துணைபுரிகின்றது, எந்த அளவுக்குத் துணைபுரிகின்றது என்பவற்றை விளக்க முயல்கின்றது.

2. தூசு நோயாகும் முறை

சுரங்கத் தூசு உயிர்குடிக்கும் என்னும் அறிவு புதியதன்று. 1556ஆம் ஆண்டில் வெளிவந்த தமது சுரங்கவியல் நூலிலே அக்ரிகோலா, கார்ப்பேத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவரைச் சுவாசநோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உளர் எனக் குறிப்பிட்டார். 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரமாசினி தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். சுவாசப்பைத் தூசுநோய்களுக்குரிய பொதுப்பெயரை 1867இல் யேர்மானிய நோயியலாளர் சென்கர் வழங்கினார். நோய்க்குப் பெயர் கிடைத்தபின்னரும் அதற்குரிய நட்டஈடு கிடைப்பதற்கு நெடுங்காலம் சென்றது. பிரித்தானியாவிலே சிலிக்காத் தூசுநோய்க்கான நட்டஈட்டுச் சட்டம் 1918இலேயே வந்தது. நிலக்கரித் தொழிலாளரின் தூசுநோய் 1943வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தூசுத் துணிக்கைகளிற் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்படுகின்றன. மூச்சுக்குழாய்களை அடைவனவற்றுட் பல சளியோடு வெளியேற்றப்படுகின்றன. ஏறத்தாழ ஐந்து மைக்கிரோன் அளவிலும் சிறியவையே காற்றுச் சிற்றறைகள்வரை செல்லவல்லவை. ஆங்குள்ள தின்கலங்கள் அவற்றை விழுங்குகின்றன. நிலக்கரித் துணிக்கையை விழுங்கிய கலம் அதனைச் சுமந்துகொண்டு ஓரளவு காலம் வாழக்கூடும். ஆயின், படிகச் சிலிக்காவை விழுங்கிய கலம் அதனாலேயே சேதமுற்று இறக்கின்றது. இறக்கும் கலத்திலிருந்து வெளிப்படும் பொருள்கள் அழற்சியைத் தூண்டுகின்றன, வெளிப்பட்ட சிலிக்காத் துணிக்கையை இன்னொரு கலம் விழுங்குகின்றது, அதுவும் இறக்கின்றது. இச் சுழற்சி தொடருமிடத்துக் கொலாஜன் நார்கள் படலம் படலமாக வளர்ந்து சிறுமுடிச்சுக்களாகின்றன. தூசு சூழ்ந்த வேலையைத் தொழிலாளி விட்டு நீங்கிய பின்னரும் இது நிற்பதில்லை. ஏனெனில் தூசு அவருள்ளேயே தங்கியிருக்கின்றது.

சிறுமுடிச்சுக்கள் பல ஒன்றுசேர்ந்து பெரிய திணிவாகும் நிலையே நோயின் முற்றிய வடிவமாகும். இதனை இக்கட்டுரையிற் பெருநார்த்திரட்சி என வழங்குவோம். சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் கதிர்ப்பட வகைப்பாட்டின்படி, பத்து மில்லிமீற்றரிலும் நீளமான திட்டு பெருந்திட்டாகக் கொள்ளப்பட்டு, அளவுக்கேற்ப மூன்று வகைகளுள் அடக்கப்படுகின்றது. இத் திரட்சி ஏன் சிலரிடத்து மட்டும் தோன்றுகின்றது என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. தூசோடு கசநோயும் சேர்வதே காரணம் என்னும் கருதுகோளைச் சோதிக்க ஆர்ச்சி கொக்ரேனும் அவருடைய குழுவினரும் 1950களில் தென் வேல்ஸின் ரொண்டாப் பள்ளத்தாக்கிலே சுரங்க மக்களிடையே பேராய்வொன்றை நடத்தினர். கசநோயைக் கட்டுப்படுத்தியமை பெருநார்த்திரட்சியை எதிர்பார்த்தவாறு குறைக்கவில்லை. சுவாசிக்கப்பட்ட தூசின் அளவும், அத்தூசிற் சிலிக்காவின் பங்குமே முதன்மையானவை என்பது பின்னர் மேன்மேலும் தெளிவாயிற்று.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. தொழிற்றலங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்கா மனிதரிற் புற்றுநோயை உண்டாக்குவது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1997இல் வகைப்படுத்தியது. நிலக்கரித் தூசு தனித்து அவ்வாறு வகைப்படுத்தப்படவில்லை. ஆயினும் சுரங்கத்திலே நிலக்கரியோடு பாறையும் வெட்டப்படுகின்றது. ஆகவே, நார்த்திரட்சிக்குக் காரணமான அதே தூசு புற்றுநோய்க்கும் காரணமாகலாம். இரண்டும் ஒரே மனிதரில், ஒரே சுவாசப்பையில், ஏன், ஒரே திட்டினுள்ளும் இருத்தல் கூடும். ‘இதுவா, அதுவா’ என்னும் வினாவோடு ‘இரண்டுமா’ என்னும் வினாவையும் மருத்துவர் எழுப்பவேண்டியுள்ளது.

3. ஏனைய முறைகளும் அவற்றின் எல்லைகளும்

எக்ஸ் கதிர்ப்படம் காட்டுவது கதிரைத் தடுக்கும் ஆற்றலில் உள்ள வேறுபாட்டையே. நாரும் புற்றும் கதிரை ஏறத்தாழ ஒரே அளவிலேயே தடுக்கின்றன. எனவே, திட்டின் உட்பொருளைப் பற்றி அது அதிகம் கூறுவதில்லை. வடிவம், இடம், வளர்ச்சி வேகம் ஆகியவற்றிலிருந்தே கதிரியலாளர் அனுமானிக்கின்றார். பெருநார்த்திரட்சி பொதுவாகச் சுவாசப்பைகளின் மேற்பகுதியிற் பின்புறமாக, இருபக்கங்களிலும் தோன்றும். அதன் வெளிவிளிம்பு விலாச்சுவருக்கு இணையாக அமைந்திருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அது சுவாசப்பையின் நடுவேரை நோக்கிச் சுருங்க, அதற்கும் விலாச்சுவருக்கும் இடையே சிற்றறைகள் சிதைந்த காற்றுவெளிகள் தோன்றும். சுற்றிலும் சிறுமுடிச்சுக்கள் காணப்படும். புற்றுநோய் பெரும்பாலும் ஒருபக்கத்திலே தனித்துத் தோன்றி, மாதக்கணக்கில் வளரும்.

இவை பொதுவிதிகள். விதிவிலக்குகளோ மிகப்பல. நார்த்திரட்சி ஒருபக்கத்திலே தனித்தும் தோன்றும், உருண்டையாகவும் இருக்கும், சிலவேளை விரைந்தும் வளரும். சி.ரி. என வழங்கும் கணினி வெட்டுமுகப் படமாக்கல், 1971இல் முதன்முதலாக நோயாளி ஒருவரிற் பயன்படுத்தப்பட்ட காலந்தொட்டு மாபெரும் வளர்ச்சி பெற்றுள்ளது. சுண்ணாம்புப் படிவுகளையும் சிறுமுடிச்சுக்களையும் காற்றுவெளிகளையும் அது துல்லியமாகக் காட்டும். ஆயினும் அதுவும் எக்ஸ் கதிரையே அடிப்படையாகக் கொண்டதாதலின், நாரையும் புற்றையும் உட்பொருளால் வேறுபடுத்துவதில் அதே எல்லையை எதிர்நோக்குகின்றது.

கதிர்த்தொழிற்பாடுடைய குளுக்கோசு வகையொன்றைச் செலுத்திப் படமெடுக்கும் ‘பெற்’ முறை, ஏனைய நோயாளரிற் புற்றுநோயைக் கண்டறிவதற்குப் பெரிதும் உதவுகின்றது. புற்றுக்கலங்கள் குளுக்கோசை மிகுதியாக உள்ளெடுப்பதே காரணம். ஆயின், அழற்சிக் கலங்களும் குளுக்கோசை மிகுதியாக உள்ளெடுக்கின்றன. பெருநார்த்திரட்சியிலே அழற்சி அணையாது கனன்றுகொண்டிருப்பதால், புற்று இல்லாதவிடத்தும் அது படத்திலே ஒளிர்கின்றது. வேறிடங்களில் நம்பத்தக்க சாட்சியாக விளங்கும் இம்முறை தூசுநோயாளரிடத்து அடிக்கடி பொய்ச்சான்று பகர்கின்றது.

எஞ்சியிருப்பது ஊசி செலுத்தி இழையத்தை எடுத்துச் சோதித்தல். இறுதித் தீர்ப்பு வழங்குவது அதுவே. எனினும், திட்டைச் சுற்றிச் சிதைந்த காற்றுவெளிகள் இருக்குமிடத்து ஊசி அவற்றைத் துளைத்தால் காற்றுக் கசிந்து சுவாசப்பை சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. மூச்சு வலு ஏற்கெனவே குன்றிய ஒருவருக்கு இது சிறு ஆபத்தன்று. மேலும், பெரிய திரட்சியின் ஒரு மூலையிலே புற்று இருக்க, ஊசி மற்றொரு மூலையிலிருந்து வெறும் நாரை எடுத்துவரக்கூடும். எனவே, எவருக்கு ஊசி தேவை, தேவையெனின் எவ்விடத்திற் செலுத்துவது என்பவற்றை முன்னரே அறிய உதவும் ஒரு முறை வேண்டியதாகின்றது.

4. காந்தப் பரிவின் அடிப்படை

மனித உடலின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரு ஐதரசன் அணுக்கள் உள. ஐதரசனின் கரு ஒரு தனிப் புரோத்தன். அது நுண்ணிய காந்தமாகத் தொழிற்படுகின்றது. வலிய காந்தப்புலத்தில் வைக்கப்படுமிடத்து, இந் நுண்காந்தங்களுட் சிறுமிகையளவினவான பகுதி புலத்தின் திசையிலே ஒழுங்காகின்றது. சாய்ந்து சுழலும் பம்பரத்தின் தலை வட்டமிடுவதுபோல அவை ஒரு குறித்த மீடிறனில் வட்டமிடுகின்றன. மருத்துவமனைகளிற் பரவலாகப் பயன்படும் 1.5 தெசலா வலுவுடைய புலம், பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. அப்புலத்தில் இம்மீடிறன் ஏறத்தாழ 64 மெகாஹேர்ட்ஸ் ஆகும். அதே மீடிறனுடைய வானொலி அலையைச் செலுத்தினால் கருக்கள் அதன் சத்தியை ஏற்றுத் தம் நிலையிலிருந்து சாய்கின்றன. இதுவே பரிவு. அலையை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்கு மீள்கின்றன. மீளுமிடத்துத் தாமும் வானொலிச் சைகையை வெளிவிடுகின்றன. இச் சைகையே படமாக்கப்படுகின்றது.

இத்தோற்றப்பாட்டை 1946இல் புளொக்கும் பேர்செலும் தனித்தனியே கண்டறிந்து 1952இல் நொபெல் பரிசு பெற்றனர். 1971இல் டமேடியன் எலிகளின் புற்றிழையமும் சாதாரண இழையமும் மீளும் நேரத்தில் வேறுபடுகின்றன எனக் காட்டினார். 1973இல் லோட்டர்பேர் இச் சைகைகளிலிருந்து படம் அமைக்கும் வழியை வெளியிட்டார். மான்ஸ்பீல்ட் அதனை விரைவுபடுத்தும் முறைகளை வகுத்தார். பின்னிருவருக்கும் 2003இல் நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

எமது நோக்கிற்கு இன்றியமையாதது மீளும் நேரமே. அது இருவகைப்படும். கருக்கள் புலத்தின் திசைக்கு மீள எடுக்கும் நேரம் ரி-1 எனப்படும். ஒருங்கே வட்டமிடத் தொடங்கிய கருக்கள் தம்முள் ஒழுங்கு குலைந்து சிதற எடுக்கும் நேரம் ரி-2 எனப்படும். கட்டற்று ஓடும் நீரில் ரி-2 செக்கன் கணக்கானது. தசையிலே அது ஏறத்தாழ ஐம்பது மில்லிசெக்கன். இறுகிய கொலாஜன் நாரோடு பிணைந்த நீரிலோ சில மில்லிசெக்கன்களுக்குள் ஒழுங்கு குலைந்துவிடுகின்றது. ஆகவே, ரி-2 வேறுபாட்டை முதன்மைப்படுத்தி எடுக்கப்படும் படத்திலே கட்டற்ற நீர் மிக்க இழையம் வெண்மையாகவும், நார் செறிந்த இழையம் கருமையாகவும் தோன்றும். எக்ஸ் கதிர் பொருளின் தடுக்கும் ஆற்றலை வினவுகின்றது. காந்தப் பரிவோ அதனுள் நீர் எந்நிலையில் உள்ளது என வினவுகின்றது. நாரையும் புற்றையும் பிரிப்பதற்கு வேண்டிய வினா இரண்டாவதே.

சுவாசப்பை காந்தப் பரிவுக்கு உவந்த உறுப்பன்று என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் பெரும்பகுதி காற்று; சைகை தரும் புரோத்தன்கள் குறைவு. காற்றும் இழையமும் சந்திக்கும் எண்ணற்ற எல்லைகளில் காந்தப்புலம் சீர்குலைகின்றது. மூச்சும் இதயத்துடிப்பும் உறுப்பை ஓயாது அசைக்கின்றன. இதனால் ஆரோக்கியமான சுவாசப்பை படத்திலே ஏறத்தாழ வெறும் கருமையாகவே தோன்றும். ஆயின், பெருந்திட்டு காற்றற்ற திண்மமாகும். அதனைப் பொறுத்தவரை மேற்கூறிய தடைகளுட் பெரும்பாலானவை நீங்கிவிடுகின்றன. கருமையான பின்னணியிலே திட்டு தெளிவாகத் தெரிகின்றது. விரைவாகப் படமெடுக்கும் முறைகளும், மூச்சின் இயக்கத்தோடு இசைந்து படமெடுக்கும் முறைகளும் வந்தபின் அசைவினால் வரும் குழப்பமும் பெரிதும் குறைந்துள்ளது.

5. நாரும் கலமும் படத்திலே வேறுபடுமாறு

முதலாவது சான்று ரி-2 படத்திலே கிடைப்பது. நெஞ்சுச்சுவரின் தசை அதே படத்திலே தெரிவதால், அதனையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். முற்றிய பெருநார்த்திரட்சி தசையைவிடக் கருமையாக, அல்லது தசைக்குச் சமமாகத் தோன்றுகின்றது. அதன் காரணங்கள் இரண்டு: இறுகிய கொலாஜனிற் கட்டற்ற நீர் குறைவு, தூசோடு வந்த கனிப்பொருள்களில் உள்ள இரும்பு போன்றவை அயலிலுள்ள புரோத்தன்களின் ஒழுங்கை விரைந்து குலைக்கின்றன. புற்றுநோயோ கலங்கள் செறிந்தது, நீர் மிக்கது. எனவே தசையைவிட வெண்மையாகத் தோன்றுகின்றது. சிலிக்காத் தூசுநோயாளரின் திரட்சிகளிடத்து இக்கருமை காணப்படுவதை 1998இல் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர். 2000இல் கொரிய ஆய்வாளரும், 2018இல் மீண்டும் யப்பானிய ஆய்வாளரும் இதே திசையிலான முடிவுகளைத் தந்துள்ளனர். பின்னைய ஆய்வு புற்றுநோயிலிருந்து வேறுபடுத்துவதையே நேரடி நோக்காகக் கொண்டது. சுரங்கத் தொழிலிலும் கற்றொழிலிலும் நெடிய வரலாறுடைய கிழக்காசிய நாடுகளிலிருந்து இவ்வறிவு வந்தமை வியப்பன்று.

இரண்டாவது சான்று நீரின் பரவலைப் பற்றியது. கலங்கள் நெருங்கி அடைந்துள்ள புற்றிலே நீர் மூலக்கூறுகள் தாராளமாக உலவ இயலாது. பரவலை அளக்கும் படத்திலே இத்தகைய இடம் ஒளிர்ந்து தோன்றும். நார்த்திரட்சியோ பெரும்பாலும் ஒளிர்வதில்லை. எனினும் இங்கு ஒரு பொறி உண்டு. படத்திலிருந்து கணிக்கப்படும் பரவற்குணகம் நாரிலும் குறைவாகவே இருக்கக்கூடும். நாரின் சைகையே மிகக் குன்றியதாதலின் கணிப்பு தடுமாறுகின்றது. குணகம் குறைவு என்பதை மட்டும் கொண்டு புற்றெனத் தீர்மானித்தல் தவறாகும். பரவற்படத்தையும் குணகப் படத்தையும் ரி-2 படத்தையும் ஒருங்கே வைத்து வாசித்தல் வேண்டும்.

மூன்றாவது சான்று கடோலினியம் சேர்ந்த மாறுபாட்டுப் பொருளை நாளத்திற் செலுத்தித் தொடர்ச்சியாகப் படமெடுப்பதாற் கிடைப்பது. புற்றிலே புதிய குருதிக்கலன்கள் மிகுதி. அவை கசியும் இயல்பின. எனவே மாறுபாட்டுப் பொருள் விரைந்து புகுந்து, பல புற்றுக்களில் விரைந்து நீங்குகின்றது. நார்த்திரட்சியிற் குருதிக்கலன்கள் அருகியவை. பொருள் மெதுவாகப் புகுந்து நார்களிடையே தங்குகின்றது. சிலவேளை விளிம்பு மட்டும் ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டிருக்கும்.

இம்மூன்றும் ஒருங்கிசையும்போது மருத்துவர் ஓரளவு துணிவோடு பேசலாம். முழுவதும் கருமையான, பரவற்படத்தில் ஒளிராத, மெதுவாக நிறம்பெறும் திட்டு நாராக இருத்தற்கே வாய்ப்பு மிகுதி. அதனை ஊசியாற் குத்தாது குறித்த கால இடைவெளியிற் படமெடுத்துக் கண்காணிப்பது பல நோயாளரிடத்து நியாயமாகலாம். கருமையான பெருந்திரட்சியின் ஒரு பகுதி மட்டும் வெண்மையாகி, பரவற்படத்திலும் ஒளிர்ந்தால், அவ்விடமே ஊசிக்குரிய இடம். முன்னர்க் கூறிய ‘இரண்டுமா’ என்னும் வினாவுக்கு விடைகாண ஏனைய முறைகளைவிட இம்முறை பொருத்தமாவது இதனாலேயாம். மேலும், இதில் எக்ஸ் கதிர் இல்லை. ஆண்டுதோறும் கண்காணிக்கப்பட வேண்டிய ஒருவருக்கு இது சிறு நன்மையன்று.

6. எச்சரிக்கைகள்

கருவியின் பெருமையைக் கூறுமிடத்து அதன் குறைகளையும் கூறுதலே அறிவியல் நேர்மை. முதலாவது, எல்லா நார்த்திரட்சியும் கருமையன்று. திரட்சியின் நடுப்பகுதிக்குக் குருதி போதாது அழுகி உருகுமிடத்து அது வெண்மையாகத் தோன்றும். இளந்திரட்சியில் நாரைவிட அழற்சிக் கலங்கள் மிகுந்திருப்பின் அதுவும் புற்றைப்போலத் தோன்றலாம். இரண்டாவது, எல்லாப் புற்றும் வெண்மையன்று. தன்னுள் நாரை மிகுதியாக வளர்த்துக்கொள்ளும் புற்றுக்கள் உள. சளி நிறைந்த புற்றுவகை வெண்மையாகத் தோன்றினும் அதிற் கலங்கள் செறிந்திராமையாற் பரவற்படத்திலே ஏமாற்றலாம். மூன்றாவது, கசநோய். சிலிக்கா கசநோயை எதிர்க்கும் ஆற்றலைக் குன்றச் செய்கின்றது. எனவே தூசுநோயாளரிடத்து நாரும் புற்றும் மட்டுமன்றிக் கசநோய்த் திரட்சியும் மூன்றாவது போட்டியாளராக நிற்கின்றது. சளிச் சோதனையைப் படம் ஒருபோதும் விலக்கிவிட முடியாது. நான்காவது, ஒரு சென்ரிமீற்றரிலும் சிறிய முடிச்சுக்களைப் பற்றி இம்முறை கூறக்கூடியது குறைவு. ஐந்தாவது, இதுவரை வெளிவந்த ஆய்வுகள் சிறு தொகை நோயாளரையே அடிப்படையாகக் கொண்டவை; அவற்றின் விகிதங்களை எல்லா நாட்டுத் தொழிலாளருக்கும் அப்படியே பொருத்துதல் இயலாது.

தொழிலாளருக்கெனவே உரிய ஆபத்தொன்றும் உண்டு. உலோகம் அராவுதல், துளைத்தல், வெட்டுதல் முதலிய வேலை செய்தவரின் கண்ணிலே நுண்ணிய இரும்புத் துண்டு அவரறியாமலே தங்கியிருக்கலாம். வலிய காந்தம் அதனை அசைத்தாற் பார்வை பறிபோகும். அவ்வாறு நேர்ந்த ஒரு நிகழ்வு 1986இல் மருத்துவ இதழொன்றிற் பதிவாகியுள்ளது. ஆகவே இத்தகையோரிடம் தொழில் வரலாற்றை வினவி, ஐயமிருப்பின் முதலிற் கண்குழியை எக்ஸ் கதிராற் படமெடுத்தல் வேண்டும். கடோலினியத்தைப் பொறுத்தும் கவனம் தேவை. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றவரிடத்துச் சில கடோலினியச் சேர்வைகள் தோலையும் உள்ளுறுப்புக்களையும் இறுகச்செய்யும் நோயை உண்டாக்குகின்றன என்பது 2006இல் வெளிப்பட்டது. சிலிக்காவோ சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. எனவே, நோயாளி யார், என்ன தொழில் செய்தார் என்னும் வினா படமெடுக்கும் அறையின் வாயிலிலும் தவிர்க்க முடியாததாகின்றது.

7. நிழலை வாசிப்பவர் யார்?

இதுவரை கூறியவற்றிலிருந்து, சிறந்த கருவி கிடைத்தால் உண்மை தானாக வெளிப்படும் எனக் கருதுதல் கூடாது. 1930-31ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலே கோலி பிரிட்ஜுக்கு அருகில் மலையைக் குடைந்து நீர்ச்சுரங்கம் வெட்டப்பட்டது. பாறை பெரும்பாலும் சிலிக்கா. வேலையில் அமர்த்தப்பட்டோருட் பெரும்பாலோர் வேறிடங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர். நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், அம்மரணங்கள் பல, நிமோனியா போன்ற பிற பெயர்களாற் பதியப்பட்டன. 1936இலே அமெரிக்கக் கொங்கிரசின் குழுவொன்று இதனை விசாரித்தது. அங்கு குறைபட்டது கருவியன்று.

1968 நவம்பரில் அதே மாநிலத்தின் பார்மிங்ரன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியிலே பல்லாயிரம் சுரங்கத் தொழிலாளர் தூசுநோய்க்கு நட்டஈடு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டின் இறுதியில், நிலக்கரித் தூசுக்கு எல்லை விதித்து, நோயுற்றோருக்கு நட்டஈடும் வழங்கும் மத்திய சட்டம் நிறைவேறியது. அமெரிக்க நட்டஈட்டு விதிகளின்படி, பெருந்திரட்சி உளது என நிறுவப்படின் தொழிலாளி தூசுநோயால் முற்றாக இயலாமையுற்றவர் என்பது மறுக்கவியலாத அனுமானமாகக் கொள்ளப்படும். வேறு சொற்களிற் கூறின், ஒரு சென்ரிமீற்றரிலும் பெரிய அத் திட்டின் பெயரிலேயே வழக்கு முழுவதும் தங்கியுள்ளது. எனவே, அது நாரன்று, பழைய கசநோய் அல்லது புற்றுநோய் என வாதிப்பது சுரங்க நிறுவனங்களுக்குப் பெரும் பயன் தருவதாயிற்று. நாடறிந்த மருத்துவமனை ஒன்றின் கதிரியல் மருத்துவர், 2000ஆம் ஆண்டின் பின் வாசித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளில் ஒன்றிலேனும் முற்றிய தூசுநோயைக் காணவில்லை என்பதைப் பத்திரிகைப் புலனாய்வொன்று 2013இல் வெளிக்கொணர்ந்தது. அவ்வழக்குகளுட் பலவற்றில் இழையச் சோதனையோ பிரேத பரிசோதனையோ அவர் மறுத்த நோயை மெய்ப்பித்திருந்தது. அப்புலனாய்வுக்கு 2014இல் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.

இந்நிலையிலே காந்தப் பரிவுப் படத்தின் முக்கியத்துவம் மருத்துவ எல்லையைக் கடக்கின்றது. எக்ஸ் கதிர்ப்படத்தின் வாசிப்பிலே ‘என் கண்ணுக்கு இவ்வாறு தோன்றுகின்றது’ என்பதற்கு இடம் மிகுதி. தசையை அளவுகோலாகக் கொண்ட சைகை ஒப்பீடோ எவரும் மீள அளந்து பார்க்கத்தக்கது. தொழிலாளியின் உடலைத் துளைக்காமல், அவருடைய சாவுக்குக் காத்திராமல், அவர் உயிரோடிருக்கும்போதே முன்வைக்கத்தக்க சான்று அது. ஆயினும் அதுவும் இருமுனைக் கத்தியே. திட்டு புற்றெனப் படம் காட்டினால் தொழிலாளி நட்டஈட்டை இழப்பாரோ? சிலிக்கா புற்றுநோயை உண்டாக்கும் என்னும் அறிவைச் சட்டம் ஏற்ற நாடுகளில் அவ்வாறு நேரவேண்டியதில்லை. சிலிக்காத் தூசுநோயோடு சேர்ந்த சுவாசப்பைப் புற்றுநோயை யேர்மனி 2002இலே தொழில்சார் நோயாக ஏற்றது. தூசுநோயின் உடன்விளைவுகளுள் ஒன்றாக அப்புற்றுநோயை யப்பான் 2003இலே சேர்த்தது. அத்தகைய ஏற்பு இல்லாதவிடத்து, துல்லியமான கருவியே தொழிலாளிக்கு எதிரான சாட்சியாக மாறலாம். கருவியின் பயன் அது வைக்கப்படும் சமூக உறவுகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

எமது நாட்டுக்கும் இவ்விடயம் அந்நியமன்று. இலங்கையின் காரீயச் சுரங்கத் தொழிலாளரின் உடல்நிலை 1948இலும், அவர்களிடையே காணப்பட்ட காரீயத் தூசுநோய் 1972இலும் பிரித்தானியத் தொழில் மருத்துவ இதழிலே ஆய்வுக்கட்டுரைகளுக்குப் பொருளாயின. பல தலைமுறைத் தமிழர் உழைத்து, 2001இல் மூடப்பட்ட கோலார்த் தங்கவயலும் சிலிக்காத் தூசுநோயின் வரலாற்றிலே தனியிடம் பெற்றது.

8. முடிவுரை

தூசுநோய் பழங்காலத்துக்குரியது என்னும் எண்ணம் தவறானது. அமெரிக்காவின் தென்மேற்கு வேர்ஜீனியாவில் மூன்று மருத்துவ நிலையங்களில் மட்டும் 2013ஆம் ஆண்டுக்கும் 2017ஆம் ஆண்டுக்கும் இடையே பெருநார்த்திரட்சியுற்ற 416 நிலக்கரித் தொழிலாளர் கண்டறியப்பட்டனர் என 2018இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. கனத்த நிலக்கரிப் படைகள் தீர்ந்துவிட, மெல்லிய படைகளைப் பெற அயற்பாறையையும் சேர்த்து வெட்டுவதே இதற்கான முக்கிய காரணமாகக் கருதப்படுகின்றது. சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கல்லை வெட்டிய இளந்தொழிலாளரிடையே நோய் பரவியதால், அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் அக்கல்லைத் தடைசெய்தது. பழைய தூசு புதிய பண்டங்களின் வழியே திரும்பி வந்துள்ளது.

காந்தப் பரிவுப் படமாக்கல் நாரையும் புற்றையும் வேறுபிரித்தறிவதற்கு வலிய துணை. தனித்து நின்று தீர்ப்பளிக்கும் நீதிபதியன்று. தொழில் வரலாறு, பழைய படங்கள், சளிச் சோதனை, தேவையெனின் இழையச் சோதனை ஆகியவற்றோடு சேர்ந்தே அது பொருள் தரும். இவற்றுள் மலிவானதும், பெரும்பாலும் கைவிடப்படுவதும் முதலாவதே: ‘நீர் என்ன வேலை செய்தீர், எத்தனை ஆண்டு செய்தீர், அங்கே தூசு எவ்வாறிருந்தது?’ என்னும் வினா. ரமாசினி மருத்துவருக்கு விதித்த இவ்வினாவைக் கேட்க எந்தக் காந்தமும் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பெருநார்த்திரட்சியைக் கரைக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆயின், அதனைத் தடுக்கும் வழி நன்கு அறியப்பட்டுள்ளது: துளைக்குமிடத்திலே நீரைப் பீச்சுதல், காற்றோட்டம் அமைத்தல், தூசை அளத்தல், அளந்ததை மறைக்காதிருத்தல். நிழலின் பொருளை உணர்த்தும் கருவியை வரவேற்கும் நாம், அந்நிழல் விழாதிருக்கச் செய்யும் எளிய ஏற்பாடுகளை வற்புறுத்தாதொழியின், நமது அறிவு அரைகுறை அறிவாகவே அமையும்.